டிரெயின் பிளக் கழலவில்லையா? முதலில் அந்தப் பைப்பைக் கீழே வையுங்கள்

நேற்று மாலை ஒரு பழைய கார் இன்னொரு வண்டியில் ஏறி என் பட்டறைக்கு வந்தது. 1960களில் செய்தது, பார்த்துப் பார்த்து வைத்திருந்த கார். கியர்பாக்ஸின் அடியில், ஆயிலை வடிக்கத் திறக்கும் மரையுள்ள அடைப்பான டிரெயின் பிளக்கின் துளையிலிருந்து கிளம்பி ஒரு விரல் நீளத்துக்கு விரிசல் ஓடியிருக்கிறது. பிளக் மட்டும் அசையாமல் அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. ஆயில் மாற்ற நினைத்தவர், ஸ்பேனரில் ஒரு மீட்டர் இரும்புப் பைப்பைச் செருகிக் காலை ஊன்றி இழுத்திருக்கிறார். “டப்புன்னு சத்தம் வந்துச்சு சார், கழண்டுடுச்சுன்னு நெனச்சேன்” என்று சொல்லும்போது அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. இந்த மாதத்தில் இது மூன்றாவது. இனியும் எழுதாமல் இருந்தால் தப்பு.

பிளக் இறுகிவிட்டால் பலம் பத்தவில்லை என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். இல்லை. ஒரு அடி ஸ்பேனரின் நுனியில் 15 கிலோ அளவுக்கு இழுத்தால் பிளக்கில் சுமார் 45 நியூட்டன் மீட்டர் முறுக்கு விழும். பழைய கார்களில் பல டிரெயின் பிளக்குகளை முடுக்குவதற்கே அந்த அளவுதான் தேவை. அதே கை, ஒரு மீட்டர் பைப்பின் நுனியில் 40 கிலோ போட்டு இழுத்தால்? 390 நியூட்டன் மீட்டர். ஏறக்குறைய ஒன்பது மடங்கு! பிளக் எஃகு, அதைப் பிடித்திருப்பதோ அலுமினிய வார்ப்பு. எது மெலிந்ததோ அதுதான் முதலில் போகும். பிளக்கின் தலை மழுங்கும், இல்லையென்றால் மரை பிய்ந்து வரும், இல்லையென்றால் வார்ப்பு வெடிக்கும். தலை மழுங்கினால்கூட வழி உண்டு. வார்ப்பு வெடித்தால், அந்த மாடலுக்கு வேறு ஹவுசிங், அதாவது கியர்பாக்ஸின் வெளிக்கூடு, தேடி அலைய வேண்டியதுதான்.

பைப் இன்னொரு கெடுதலும் செய்கிறது. குட்டை ஸ்பேனரைப் பிடித்திருக்கும்போது பிளக் நகர்கிறதா, ஸ்பேனர் நழுவுகிறதா, ஏதாவது வளைகிறதா என்பது உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். பைப் போட்டால் அந்த உணர்வே போய்விடும். நீளம் கூடக் கூட இழுப்பு நேராக இருக்காது, ஸ்பேனர் சாய்ந்து பிளக்கின் விளிம்பைக் கடித்துவிடும். “முன்னாடி பைப் போட்டுத்தானே கழட்டினோம்” என்பவர்களுக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன். அப்போது அந்த வார்ப்புக்குப் பத்து வயது. இப்போது அறுபது.

டிரெயின் பிளக்கில் கை வைப்பதற்கு முன்னால் மேலே பக்கவாட்டில் இருக்கும், ஆயில் ஊற்றுவதற்கான ஃபில்லர் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது வராவிட்டால் கீழே தொடவே வேண்டாம். ஆயிலை எல்லாம் வடித்துவிட்டு, புது ஆயில் ஊற்ற வழியில்லாமல் காரை நின்ற இடத்திலேயே விட்டவர்களை நிறையப் பார்த்துவிட்டேன்.

காரின் அடியில் ஜாக்கியை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள். ஸ்டாண்ட் வைத்து, சக்கரத்துக்குக் கட்டை கொடுங்கள். இறுகின பிளக்கை இழுக்கும்போது காரே ஆடும். இதில் யாரிடமும் நான் சமரசம் பேசுவதில்லை.

இனி பிளக். சுற்றியுள்ள அழுக்கைக் கம்பி பிரஷ்ஷால் சுத்தம் செய்து, எந்த வகைத் தலை என்று பாருங்கள். பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் சதுரக் குழி இருக்கும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரில் 17 மில்லிமீட்டர் அலன் கீ, அதாவது அறுகோணக் குழிக்கான சாவி. வெர்னியர் அளவுகோலில் அளந்து, ஆட்டம் இல்லாமல் உட்காரும் சாவியைத்தான் போட வேண்டும். வெளித்தலை அறுகோணம் என்றால் ஆறு முனை சாக்கெட் மட்டும்தான், பன்னிரண்டு முனை வேண்டாம். உளியை வைத்துத் தட்டுவது, பைப் ரெஞ்ச் மாட்டுவது எல்லாம் கூடவே கூடாது.

துரு இளக்கும் ஆயிலை அடித்துவிட்டு ஐந்தே நிமிடத்தில் ஸ்பேனரை எடுப்பவர்களுக்குச் சொல்கிறேன், அது ஊறுவதற்கு ஒரு இரவாவது வேண்டும். பிளக் கீழ்நோக்கி இருப்பதால் ஆயில் சொட்டிவிடும். துணியை நனைத்து பிளக்கின் விளிம்பில் அழுத்திக் கட்டிவிடுங்கள், காலையும் மாலையும் மறுபடி நனையுங்கள். இரண்டு நாள் போகட்டும். இடையில் பிளக்கின் நடுவில் பித்தளைத் துண்டை வைத்துச் சின்னச் சுத்தியலால் சுருக்கென்று நாலு தட்டு. பிளக்கில் மட்டும், ஹவுசிங்கில் படக்கூடாது.

அதன் பிறகு சூடு. ஒரே அளவு சூட்டுக்கு அலுமினியம் எஃகைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். அதனால் சூடுபடுத்த வேண்டியது பிளக்கை அல்ல, அதைச் சுற்றியிருக்கும் ஹவுசிங்கை. காரை அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்தாலே பாதி வேலை முடிந்தது. போதாவிட்டால், ஊற வைத்த ஆயிலை நன்றாகத் துடைத்துவிட்டு ஹீட் கன் பிடியுங்கள். கேஸ் நெருப்பு வேண்டாம். எண்ணெய்ப் பிசுக்கு பற்றிக்கொள்ளும், சீல் கருகும். பீட்டில் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனம், அதன் கியர்பாக்ஸ் ஹவுசிங் மக்னீசியக் கலவை. மக்னீசியம் தீப்பிடித்தால் தண்ணீர் ஊற்றினால் இன்னும் மோசமாகும்.

கழற்றும்போது முதலில் முடுக்கும் பக்கம் நூலளவு அசைத்துப் பாருங்கள், பிறகு கழற்றும் பக்கம். மேலிருந்து குனிந்து வேலை செய்கிறவர்களுக்குத் திசை தலைகீழாகத் தெரியும். கழற்றுகிறேன் என்று முடுக்கிக்கொண்டே இருந்தவர்கள் உண்டு. பிளக்கின் தலையை நேருக்கு நேர் பார்த்தால் கடிகாரத்துக்கு எதிர்த்திசைதான் கழற்றும் பக்கம்.

தலை மழுங்க ஆரம்பித்தால் அந்த நொடியே நிறுத்துங்கள், கெஞ்சிக் கேட்கிறேன். மழுங்கின எஃகு பிளக்கின் மேல் ஒரு நட்டை வெல்டிங் வைத்துக் கழற்றிவிட முடியும், அந்தச் சூடே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் பேட்டரியைக் கழற்றி, எர்த் கிளாம்ப்பைப் பக்கத்திலேயே மாட்டி, பெட்ரோல் லைன் எங்கே போகிறது என்று பார்த்துச் செய்ய வேண்டிய வேலை அது. தெரிந்தவரிடம் விடுங்கள். பிளக்கில் துளை போட்டு, உள்ளிருந்து கவ்விக் கழற்றும் எக்ஸ்ட்ராக்டரைச் செருகி, அது உள்ளே முறிந்துபோய் வந்த கார்களும் உண்டு. முறிந்த எக்ஸ்ட்ராக்டரைச் சாதாரண டிரில் தொடாது.

பிளக் வராமலே போனாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. ஃபில்லர் துளையில் குழாயை விட்டு கைப்பம்பால் பழைய ஆயிலை உறிஞ்சி எடுக்கலாம். அடியில் கொஞ்சம் தங்கும். புதிதாக ஊற்றி, சில நாள் ஓட்டி, மறுபடி உறிஞ்சுங்கள். பிளக்கை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

பிளக் வந்துவிட்டால், திரும்பப் போடும்போது வாஷர் உள்ள பிளக்குக்குப் புது வாஷர் போட்டு, மேனுவலில் சொன்ன அளவுக்கு, முறுக்கை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் முடுக்குங்கள். சில பழைய கியர்பாக்ஸ்களில் பிளக்கின் மரை கூம்பாக இருக்கும், வாஷர் கிடையாது. அதைக் கூடுதலாக முடுக்குவது ஹவுசிங்கில் ஆப்பு அடிப்பது மாதிரி. கசிகிறதே என்று இன்னும் அரைச் சுற்று போடாதீர்கள், கழற்றி மரையைச் சுத்தம் செய்து சீலன்ட் தடவிப் போடுங்கள்.