பைக்கில் எக்ஸ்ட்ரா லைட்: எதற்கு, எப்படி, சட்டம் எதுவரை அனுமதிக்கிறது?

ஓசூர், தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி பிறந்துவிட்டால் விடிகாலைப் பனிமூட்டத்தில் முன்னால் போகிற வண்டியே கண்ணுக்குத் தெரியாது. பூ மூட்டையோடு ஓசூர் மார்க்கெட்டுக்குப் போகிறவர், பால் கேன் கட்டிக்கொண்டு சொசைட்டிக்குப் போகிறவர், சிப்காட்டில் முதல் ஷிப்டுக்கு ஓடுகிறவர் என எல்லோரும் அந்தப் பனிக்குள்தான் வண்டி ஓட்டியாக வேண்டும். தருமபுரிப் பக்கம் வந்தால் தொப்பூர் கணவாய் இறக்கம், வத்தல்மலை வளைவுகள், பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் இறங்கும் காட்டுச் சாலை. இந்த ஊர்களில் பைக்குக்கு எக்ஸ்ட்ரா லைட் மாட்டுவதை வெட்டி பந்தா என்று ஒதுக்கிவிட முடியாது. தேவை உண்மையானது.

ஆனால் மாட்டிய லைட் பாதையைக் காட்டுகிறதா, எதிரே வருகிறவர் கண்ணைப் பறிக்கிறதா என்பதுதான் கேள்வி. சட்டமும் இதைத்தான் கேட்கிறது. அதைச் சோதித்துப் பார்க்க ஓர் அளவையும் கொடுத்திருக்கிறது. டேப் ஒன்று இருந்தால் போதும், வீட்டு வாசலிலேயே அளந்துவிடலாம்.

சட்டத்தில் என்ன இருக்கிறது

மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989. இதில் 105-ஆம் விதியிலிருந்து 111 வரை வண்டி விளக்குகளைப் பற்றியவை.

105-ஆம் விதியின்படி, பொழுது சாய்ந்து அரை மணி நேரம் ஆன பிறகும், வெளிச்சம் போதாத எந்த நேரத்திலும் விளக்கு எரிய வேண்டும். முன்னால் 155 மீட்டர் தூரத்தில் இருக்கிற ஆளும் வண்டியும் தெளிவாகத் தெரிய வேண்டும். காலை ஏழு மணிக்குப் பனி மூடியிருந்தால் அதுவும் வெளிச்சம் போதாத நேரம்தான். 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த டூவீலர்களில் இன்ஜின் ஓடும்போது ஹெட்லைட் தானாகவே எரியும். பழைய வண்டிக்காரர்கள்தான் ஞாபகமாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

முக்கியமானது 106-ஆம் விதி. முன்பக்கம் வெளிச்சம் காட்டும் எந்த விளக்கும் எதிரே வருகிறவர் கண்ணைக் கூச வைக்கக் கூடாது. அதற்கு விதி சொல்லும் வகைகளில் இரண்டு முக்கியமானவை. ஒன்று, அதன் ஒளி நிரந்தரமாகக் கீழ்நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். இல்லாவிட்டால், ஓட்டுகிறவர் தேவைப்படும்போது ஒளியைக் கீழே இறக்க வசதி இருக்க வேண்டும். கம்பெனி ஹெட்லைட்டில் டிம், பிரைட் என இரண்டும் இருப்பதால் அது இரண்டாவது வகை. கடையில் வாங்கி மாட்டும் எல்.இ.டி. லைட்டுக்குப் பெரும்பாலும் ஆன், ஆஃப் ஸ்விட்ச் மட்டும்தான். அதை டிம் செய்ய வழியில்லை. ஆகவே அது முதல் வகையில் வந்தாக வேண்டும்: எரிகிற நேரமெல்லாம் ஒளி கீழேதான் விழ வேண்டும்.

கீழே என்றால் எவ்வளவு கீழே? விளக்கிலிருந்து 8 மீட்டர் முன்னால், வண்டியின் வலது ஓரத்திலிருந்து அரை மீட்டர் வலப்பக்கம் தள்ளி, தரையிலிருந்து ஒன்றரை மீட்டர் உயரத்தில் ஒருவர் கண் இருந்தால், அந்தக் கண் கூசக் கூடாது. விதி சொல்லும் அளவு இதுதான். எதிரே வரும் பைக்காரர், ஆட்டோக்காரர், சாலையோரம் நடந்து வருகிறவர் ஆகியோரின் கண் ஏறக்குறைய அந்த உயரத்தில்தான் இருக்கும்.

108-ஆம் விதி நிறத்தைப் பற்றியது. முன்னால் சிவப்பு விளக்கு காட்டக் கூடாது. இண்டிகேட்டர், நம்பர் பிளேட் விளக்கு போன்ற சில விலக்குகள் போக, பின்னால் சிவப்பைத் தவிர வேறு நிறம் காட்டக் கூடாது. சிவப்பும் நீலமுமாகச் சிமிட்டும் பட்டி விளக்குகளை ஆசைக்கு மாட்டுகிறவர்கள் உண்டு. ஆம்புலன்ஸ், போலீஸ் போன்ற அவசர வண்டிகளுக்கான அடையாளம் அது. கழற்றிவிடுங்கள்.

111-ஆம் விதி நேரடித் தடை. ஸ்பாட் லைட், சர்ச் லைட் எதையும் வண்டியின் முன்பக்கம் மாட்டக் கூடாது. விசேஷக் காரணம் இருந்து, பதிவு செய்யும் அதிகாரி ஒப்புதல் கொடுத்தால் மட்டுமே விலக்கு. தூரத்துக்கு ஒரே கோடாகப் பாய்கிற லைட்டை மாட்டிவிட்டு ‘ஃபாக் லைட்தான் சார்’ என்று சொன்னால் செல்லாது. பெயரை வைத்து முடிவு செய்ய மாட்டார்கள், ஒளி எப்படி விழுகிறது என்பதைத்தான் பார்ப்பார்கள்.

வாசலில் ஒரு சோதனை

சமதரையான இடமாகப் பாருங்கள். டயர் காற்று சரியாக இருக்கட்டும். வண்டியை ஸ்டாண்டில் போடாமல், நீங்கள் ஏறி உட்கார்ந்து நேராக நிறுத்துங்கள். விளக்கிலிருந்து 8 மீட்டர் அளந்து கோடு போடுங்கள். ஹேண்டில்பாரின் வலது முனையிலிருந்து அரை மீட்டர் வலப்பக்கம் வரும்படி வீட்டில் ஒருவரை அந்தக் கோட்டில் நிறுத்துங்கள். கண் ஒன்றரை மீட்டர் உயரத்துக்கு வர, உயரமானவர் கொஞ்சம் குனிய வேண்டியிருக்கும். இருட்டிய பிறகு எக்ஸ்ட்ரா லைட்டைப் போடுங்கள். நிற்கிறவர் கண்ணைச் சுருக்கினால், கையைத் தூக்கி மறைத்தால், லைட் மேலே பார்க்கிறது என்று பொருள். பிராக்கெட் போல்ட்டைத் தளர்த்திக் கீழே இறக்குங்கள்.

சுவரில் பார்க்கும் முறையும் உண்டு. சுவருக்கு 5 மீட்டர் முன்னால் வண்டியை நிறுத்தி, விளக்கின் நடு உயரத்தைச் சுவரில் சாக்பீஸால் குறியுங்கள். வெளிச்சத்தின் மேல் விளிம்பு அந்தக் குறிக்கு 10 சென்டிமீட்டராவது கீழே இருந்தால் நல்லது. மேல் விளிம்பே தெரியாமல் சுவர் முழுக்க, கூரை வரைக்கும் வெளிச்சம் பரவினால், அந்த லைட்டை எவ்வளவு சாய்த்தாலும் தெருவுக்கு ஆகாது.

இதோடு முடியவில்லை. பின்னால் ஆளையோ லோடையோ ஏற்றி இன்னொரு முறை பாருங்கள். நம் ஊரில் இதுதான் அதிகம் கவனிக்காமல் விடப்படுகிறது. இரண்டு பக்கமும் 20 லிட்டர் பால் கேன் ஏறினால் பின்பக்க ஷாக் அப்சார்பர் அமுங்கும், முன்பக்கம் நிமிரும், விளக்கு மேலே பார்க்கும். தனியாகப் போகும்போது சரியாக இருந்த லைட், லோடோடு போகும்போது எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்கும். தினமும் லோடு ஏற்றுகிறவர் லோடோடுதான் அளவு வைக்க வேண்டும். ஹெட்லைட்டுக்கும் இதே கதைதான்.

ஃபாக் லைட் வேறு, டிரைவிங் லைட் வேறு

கடையில் எல்லாவற்றையும் ஃபாக் லைட் என்றே விற்கிறார்கள். உண்மையான ஃபாக் லைட்டின் வெளிச்சம் அகலமாக, தட்டையாக, சாலையோடு ஒட்டி விழும். மேலே கத்தியால் வெட்டியதுபோல் ஒரு விளிம்பு இருக்கும், அதற்கு மேல் ஒளி போகாது. பனியில் இது எதற்கு என்றால், பனி என்பது காற்றில் மிதக்கும் நுண்ணிய நீர்த்துளிகள். பிரைட் போட்டால் அந்தத் துளிகளில் பட்ட ஒளி நம் கண்ணுக்கே திரும்பி வரும், முன்னால் வெறும் வெள்ளைதான் தெரியும். விளக்கு தாழ்வாக இருந்து ஒளியும் தாழ்வாகப் போனால், கண்ணுக்கு நேரே இருக்கிற பனியில் ஒளி படாது. சாலை ஓரக் கோடு, பள்ளம், குறுக்கே படுத்திருக்கிற மாடு எல்லாம் ஓரளவுக்குத் தெரியும். மஞ்சளா வெள்ளையா என்று பலர் மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். நிறத்தை விட அந்த மேல் விளிம்பும், மாட்டிய உயரமும்தான் வேலை செய்கின்றன.

டிரைவிங் லைட் என்பது பிரைட்டுக்குத் துணை. தூரத்துக்குப் பாயும். எதிரே யாரும் இல்லாத இடத்தில் பிரைட்டோடு சேர்ந்து எரிந்து, டிம் அடித்த உடனே அதுவும் அணைய வேண்டும். தனி ஸ்விட்சில் போட்டால் டிம் அடித்த பிறகும் அது எரிந்துகொண்டே இருக்கும். நம் சாலைகளில் இந்த வகை வேண்டாம் என்பதே என் கருத்து. கிருஷ்ணகிரி வழியாகப் போகும் நெடுஞ்சாலையிலாவது நடுத்திட்டு அரளிச் செடி எதிர் வெளிச்சத்தைக் கொஞ்சம் மறைக்கும். பாலக்கோடு, ராயக்கோட்டை, அரூர், அஞ்செட்டி சாலைகளில் எதிர் வண்டிக்கும் நமக்கும் நடுவில் எதுவுமே கிடையாது.

60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் வண்டி நொடிக்குப் பதினாறு, பதினேழு மீட்டர் ஓடும். எதிரே வருகிறவருக்குக் கண் கூசி மூன்று நொடி பார்வை மங்கினால் 50 மீட்டர் தூரம் அவர் குருடாகவே வருகிறார். நேராக நம்மைப் பார்த்துத்தான் வருகிறார்.

வாங்கும்போதும் மாட்டும்போதும்

லைட் வாங்கும் முன் இருக்கிற ஹெட்லைட்டைப் பாருங்கள். கண்ணாடி மஞ்சள் பூத்திருக்கிறதா, பல்ப் பழசாகி மங்கிவிட்டதா, விளக்கு வானத்தைப் பார்க்கிறதா என்று கவனியுங்கள். பல வண்டிகளில் இதைச் சரிசெய்தாலே பாதிக் குறை தீர்ந்துவிடும். ஹாலஜனுக்காகச் செய்த ஹெட்லைட்டுக்குள் மலிவான எல்.இ.டி. பல்பைச் செருகுவது தீர்வு இல்லை. ஒளி புறப்படும் இடம் மாறிப்போவதால் ரிஃப்ளெக்டர் அதைக் கண்டபடி சிதறடிக்கும்.

“அண்ணா, லாரி லைட் மாதிரி தூரமா அடிக்கணும்” என்று கேட்டால், “இதப் போட்டுப் பாருங்க தம்பி, எதிர்ல வர்றவன் தானா ஒதுங்குவான்” என்று எடுத்துக் கொடுக்கிற கடைகள் இருக்கின்றன. எதிரே வருகிறவரை ஒதுங்க வைக்கிற விளக்கைத்தான் 106-ஆம் விதி வேண்டாம் என்கிறது. எந்த ரோட்டில் ஓட்டுகிறீர்கள், பின்னால் லோடு உண்டா, பேட்டரி எப்படி இருக்கிறது என்று முதலில் விசாரிக்கிற மெக்கானிக்கிடம் போங்கள்.

வண்டிக் கம்பெனியே தரும் ஃபாக் லைட் கிடைத்தால் விலை கூடினாலும் அதுவே மேல். வெளியில் வாங்கினால் பெட்டியில் போட்டிருக்கும் வாட்ஸ் கணக்கை நம்பாதீர்கள். கண்ணாடியில் வட்டத்துக்குள் ‘ஈ’ என்ற ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் வார்க்கப்பட்டிருக்கிறதா பாருங்கள். பன்னாட்டுத் தரச் சோதனையில் தேறிய விளக்குக்கான முத்திரை அது. பக்கத்தில் ‘பி’ அல்லது ‘எஃப்3’ என்று இருந்தால் அது ஃபாக் லைட்டாகவே சோதிக்கப்பட்டது. இந்த முத்திரையையும் போலியாகப் போடுகிறவர்கள் உண்டு, அதனால் சுவர்ச் சோதனையை விட்டுவிடாதீர்கள்.

மாட்டும் இடம் ஹெட்லைட்டுக்குக் கீழே, லெக் கார்டில், இரண்டு பக்கமும் ஒரே உயரத்தில். ஹேண்டில்பாரில் மாட்டினால் உயரமும் கூடும், திருப்பத்துக்குத் திருப்பம் ஒளியும் ஆடும். இண்டிகேட்டரை ஒட்டி மாட்டினால் அந்த வெளிச்சத்தில் இண்டிகேட்டர் சிமிட்டுவதே தெரியாமல் போகும்.

வயரிங் பற்றி ஒரு வார்த்தை. 40 வாட்ஸ் லைட் இரண்டு போட்டால் 12 வோல்ட் பேட்டரியிலிருந்து ஏழு ஆம்பியர் அளவுக்கு இழுக்கும். ஹெட்லைட் வயரை அறுத்து அதில் முறுக்கிக் கட்டுவது தீயைத் தேடிப்போவது. பேட்டரியிலிருந்து ஃபியூஸ் வழியாகத் தனி வயர், நடுவில் ரிலே (அதிக மின்சாரத்தை ஸ்விட்ச் வழியாக விடாமல், தானே இணைத்துத் துண்டிக்கும் சின்னக் கருவி), சாவி அணைந்தால் லைட்டும் அணையும்படி இணைப்பு. இதற்குக் குறைவாக ஒத்துக்கொள்ளாதீர்கள். கம்பெனி வயரை அறுத்தால் வாரண்டி போகலாம். இன்சூரன்ஸில் சொல்லாமல் செய்த வேலையால் ஷார்ட் ஆனால் க்ளைமிலும் தகராறு வரும். பில்லைப் பத்திரப்படுத்தி, இன்சூரன்ஸ் புதுப்பிக்கும்போது தெரிவித்துவிடுங்கள்.

ரோட்டில் எப்போது போடலாம்

பனி, அடைமழை, புழுதி. இவற்றில் ஃபாக் லைட்டை ஹெட்லைட் டிம்மோடு சேர்த்துப் போடுங்கள். பனி கலைந்ததும் அணைத்துவிடுங்கள். தெரு விளக்கு எரியும் ஊருக்குள் அதற்கு வேலையே இல்லை. தொப்பூர் கணவாயில் லோடு லாரிகள் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து இறங்குகின்றன. உங்கள் லைட் லாரியின் சைடு கண்ணாடியில் விழுந்து டிரைவர் கண்ணில் அடிக்கும் என்பதால், பின்னால் தொடரும்போதும் டிம்தான்.

ஒகேனக்கல், அஞ்செட்டி, ஜவளகிரி காட்டுச் சாலைகளில் யானை நடமாட்டம் உண்டு. யானை நின்றால் லைட்டை அதன் முகத்தில் அடிப்பது, பிரைட்டைச் சிமிட்டுவது, ஹார்ன் அடிப்பது மூன்றும் ஆபத்து. எக்ஸ்ட்ரா லைட்டை அணைத்து, டிம்மில் வைத்து, தூரத்திலேயே நின்றுவிடுங்கள். தைரியத்துக்காக மாட்டிய லைட்டே அங்கே யானையை மிரள வைத்துவிடும்.

பிடித்தால் எவ்வளவு

2019 செப்டம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்த திருத்தத்தின்படி, தனியாகத் தண்டனை சொல்லப்படாத மீறல்களுக்கு மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆம் பிரிவு பொருந்தும். முதல் தடவை 500 ரூபாய் வரை, அடுத்த தடவை 1,500 ரூபாய் வரை. சாலைப் பாதுகாப்புத் தரத்தை மீறியதாக 190(2)-இல் வழக்குப் போட்டால் முதல் தடவை 10,000 ரூபாய் வரை அபராதம் அல்லது மூன்று மாதம் வரை சிறை அல்லது இரண்டும், கூடவே லைசென்ஸுக்கு மூன்று மாதத் தடை. அனுமதியில்லாத மாற்றத்தை வண்டியில் செய்த உரிமையாளருக்கு 182ஏ(4): ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அல்லது ஆறு மாதம் வரை சிறை அல்லது இரண்டும். சலான் கையில் வந்தால் தொகையை மட்டும் பார்க்காமல் எந்தப் பிரிவு என்று பாருங்கள். எதிர்த்துச் சொல்ல வேண்டியிருந்தால் அதிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஏற்கெனவே லைட் மாட்டியிருக்கிறவர்கள் இன்று இரவே 8 மீட்டர் சோதனையைச் செய்யலாம். ஸ்பாட் லைட்டாக இருந்தால் கழற்றிவிடுவதே நல்லது. வாங்கப்போகிற லைட் செல்லுமா என்று சந்தேகம் இருந்தால், பெட்டியோடு தருமபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர் ஆர்.டி.ஓ. ஆபீஸில் உங்களுக்குப் பக்கமான ஒன்றுக்குப் போய், நம் ஊரில் பிரேக் இன்ஸ்பெக்டர் என்று சொல்லும் மோட்டார் வாகன ஆய்வாளரிடம் காட்டிக் கேளுங்கள். மாட்டுவதற்கு முன்பே கேட்பது நல்லது. லெக் கார்டில் துளை போட்ட பிறகு கடைக்காரர் திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டார்.