சகப் பிணைப்பா, பங்கீட்டு வலுப் பிணைப்பா?

வேதியியல் பாடத்தில் தமிழ்நாட்டு மாணவர் அயனிப் பிணைப்பு, சகப் பிணைப்பு என்று படிக்கிறார். இலங்கை மாணவருக்கோ அவை அயன் பிணைப்பு, பங்கீட்டு வலுப் பிணைப்பு. பொருள் ஒன்றுதான். ஆனால் எந்தச் சொல் கருத்தை மனத்தில் பதிய வைக்கிறது என்று பார்ப்பது நல்லது.

முதலில் பொதுவான சொல். பிணைத்தல் என்றால் கட்டிச் சேர்த்தல். போரடிக்கும்போது கதிரை மிதிக்க வரிசையாகப் பூட்டிய மாடுகளுக்குப் பிணையல் என்று பெயர். மாடுகள் தனித்தனிதான், ஆனால் ஒன்றை விட்டு ஒன்று விலக முடியாது. அணுக்களின் கட்டுக்கு இதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது.

அயனி என்றால் மின்னூட்டம் பெற்ற அணு அல்லது அணுத்தொகுதி. கிரேக்கத்திலிருந்து வந்த சொல். ‘செல்வது’ என்று பொருள். 1834-இல் மைக்கேல் ஃபாரடே, அறிஞர் வில்லியம் ஹ்யூவெலைக் கலந்து இதை வழக்குக்குக் கொண்டுவந்தார். மின்சாரம் பாயும் கரைசலில் மின்முனையை நோக்கிச் செல்வதால் அந்தப் பெயர். சிறிய சொல், ‘அயனியை’, ‘அயனியால்’ என்று வேற்றுமை உருபுகளையும் இயல்பாக ஏற்கிறது. இதை மாற்றத் தேவையில்லை.

சோடியம், அணுக்கருவைச் சூழ்ந்த எலக்ட்ரான் ஓடுகளில் கடைசியில் உள்ள ஒற்றை எலக்ட்ரானை இழந்து நேர்மின் அயனியாகிறது. குளோரின் அதைப் பெற்று எதிர்மின் அயனியாகிறது. ‘கொடுத்து வாங்குவதே அயனிப் பிணைப்பு’ என்று பலர் எழுதிவிடுகிறார்கள். அது பிழை. கொடுக்கல் வாங்கல் அயனிகளை உண்டாக்குகிறது, அவ்வளவுதான். அதன் பிறகு எதிரெதிர் மின்னூட்டங்களுக்கு இடையே எழும் ஈர்ப்பே பிணைப்பு. அந்த ஈர்ப்பு எல்லாத் திசையிலும் செயல்படும். அதனால் ஒரு கல் உப்பை உள்ளே பார்த்தால் ஒவ்வொரு சோடியம் அயனியையும் ஆறு குளோரைடு அயனிகள் சூழ்ந்திருக்கும். இதுதான் இதன் ஜோடி என்று எதையும் பிரித்துக் காட்ட முடியாது. இந்தக் கட்டுக்கோப்பு குலைய 801 டிகிரி செல்சியஸ் வெப்பம் வேண்டும். உப்புக் கல்லில் ‘செல்வது’ எதுவும் செல்வதில்லை என்பதையும் கவனிக்க வேண்டும். உருக்கினாலோ நீரில் கரைத்தாலோதான் அயனிகள் நகரும், மின்சாரமும் பாயும்.

இனி அடுத்த பிணைப்பு. இரு அணுக்கள் ஓர் எலக்ட்ரான் இரட்டையைப் பொதுவில் வைத்துக்கொள்கின்றன என்று 1916-இல் கில்பர்ட் லூயிஸ் விளக்கினார். ‘கோவேலன்ட்’ என்னும் ஆங்கிலப் பெயரை 1919-இல் வழங்கியவர் இர்விங் லாங்மியூர். லத்தீனில் ‘உடன்’ என்னும் முன்னொட்டும் ‘வலிமை’ என்னும் சொல்லும் சேர்ந்தது அது. ‘சக’ அந்த முன்னொட்டை மட்டும் தருகிறது, எதை உடன் வைத்திருக்கிறோம் என்று சொல்வதில்லை. இலங்கைச் சொல் ‘வலு’வைக் காத்து, ‘பங்கீடு’ என்று நிகழ்வையும் சொல்லிவிடுகிறது. என் வாக்கு அதற்கே.

பங்கு என்றதும் பாகப்பிரிவினை நினைவுக்கு வரும். அந்தப் பொருளில் எடுத்துக்கொள்ளக் கூடாது. நிலத்தைப் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிக்குக் கிணறு மட்டும் பொதுவில் நிற்குமே, அந்தப் பங்குக் கிணறுதான் இது. எலக்ட்ரான் இரட்டை ஆளுக்கொன்றாகப் பிரிவதில்லை. இரு அணுக்கருக்களும் அதை ஒருங்கே ஈர்க்கின்றன. சில நேரம் ஒருவர் அதிகம் இறைத்துக்கொள்வார். நீர் மூலக்கூறில் ஹைட்ரஜனைவிட ஆக்ஸிஜன் எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கிறது. இந்த இழுப்பு மிக மிஞ்சினால் அயனிப் பிணைப்பை நெருங்கிவிடும். இரண்டுக்கும் நடுவே கூரான எல்லைக்கோடு கிடையாது.

மெழுகுவத்தி எளிதில் உருகுவதைக் காட்டி, இந்தப் பிணைப்பு வலுவற்றது என்று சொல்வதும் தவறு. மெழுகு உருகும்போது மூலக்கூறுகள்தான் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றன. மூலக்கூறுக்குள் இருக்கும் பிணைப்பு அப்படியே இருக்கும். வைரம் முழுக்க இதே பிணைப்பால் ஆனது.

‘ஈதல்’ என்னும் சொல்லில் இரு நாட்டுத் தமிழும் கூடுகின்றன. இரட்டையின் இரு எலக்ட்ரான்களையும் ஒரே அணு தந்தால் இங்கே ஈதல் சகப் பிணைப்பு, அங்கே ஈதற் பிணைப்பு. அம்மோனியாவின் நைட்ரஜன் தன் இரட்டையை ஹைட்ரஜன் அயனிக்குத் தருவது இப்படித்தான். தமிழில் ஈதல் என்றால் இல்லாதவருக்குத் தருவது. அந்த ஹைட்ரஜன் அயனியிடம் ஓர் எலக்ட்ரான்கூட இல்லை.