அசிஸ்ட் என்பது யாருக்கும் செய்த உதவி அல்ல

"2005-06 சீசனில் கிராஸ்பி 63 உதவிகள் செய்தார், ஒவெச்கின் 54 உதவிகள் செய்தார்." கிராஸ்பி, ஒவெச்கின் என்ற இரு ஐஸ் ஹாக்கி வீரர்களை ஒப்பிடும் தமிழ்க் காணொளி ஒன்றில் கேட்டது. இதே மாதிரி எத்தனை முறை கேட்டாயிற்று என்று எனக்கே கணக்கில்லை. யாருக்கு உதவினார், எதற்கு உதவினார், வாங்கியவர்கள் திருப்பிக் கொடுத்தார்களா என்றுதான் மனம் போகிறது. விளையாட்டைப் பற்றிய நினைப்பே வருவதில்லை.

சொல்ல வந்தது அசிஸ்ட். வேரைச் சீக்கிரம் முடித்துவிடலாம்: லத்தீனில் 'அசிஸ்தெரே' என்றால் பக்கத்தில் நிற்பது. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், பக்கத்தில் நின்றவர் கை கொடுத்தவராக மாறி, உதவுவது என்ற பொருள் நிலைத்துவிட்டது. பிறகு விளையாட்டுக் கணக்குப் புத்தகத்தில் ஏறி, எண்ணப்படுகிற ஒரு பொருளாகவே ஆகிவிட்டது. மொழிபெயர்ப்பவர்கள் கோட்டை விடுவது இந்தக் கடைசிப் படியில்தான். அகராதியைத் திறக்கிறார்கள், முதலில் 'உதவி' என்று இருக்கிறது, மூடிவிடுகிறார்கள்.

வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல். கணக்கில் அசிஸ்ட் எப்படி விழுகிறது என்று பாருங்கள். ஒருவர் கோல் போடுகிறார். அவருக்கு முன்னால் பக்கை, அதாவது பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வில்லையை, கடைசியாகத் தொட்ட சக வீரர்கள் இருவர் வரை, நடுவில் எதிரணி பக்கைத் தன் வசமாக்காமல் இருந்தால், அசிஸ்ட் பெறுகிறார்கள். கோல் போட்டவருக்கு ஒரு புள்ளி, அசிஸ்ட் செய்தவர்கள் ஒவ்வொருவருக்கும் ஒரு புள்ளி. அரைப் புள்ளி கால் புள்ளி என்றெல்லாம் கிடையாது, மூவருக்கும் சமம்.

இன்னொரு காட்சி. ஒருவர் ஓங்கி அடிக்கிறார், கோல்கீப்பரின் கால் கவசத்தில் பட்டு பக் திரும்பி வருகிறது, பக்கத்தில் நின்ற சக வீரர் அதை லேசாகத் தட்டி வலைக்குள் தள்ளிவிடுகிறார். முதலில் அடித்தவருக்கு அசிஸ்ட். அவர் யாருக்கும் உதவ நினைக்கவே இல்லை, தானே கோல் போடத்தான் அடித்தார். இதைப் போய் உதவி என்றால்?

அப்புறம் தமிழில் 'உதவி' என்ற சொல்லுக்கு ஒரு படிநிலை வாசனை உண்டு. உதவி இயக்குநர், உதவி ஆசிரியர், உதவியாளர் என்று எங்கே வந்தாலும் இரண்டாம் இடம்தான். ஹாக்கிக் கணக்கில் அந்த இரண்டாம் இடமே இல்லை. என்.எச்.எல்.லின் வாழ்நாள் புள்ளிப் பட்டியலில் முதலிடத்தில் இருக்கும் வெய்ன் கிரெட்ஸ்கியை எடுத்துக்கொள்ளுங்கள்: 894 கோல், 1963 அசிஸ்ட், மொத்தம் 2857 புள்ளி. அவருக்கு அடுத்த இடத்தில் இருக்கும் யாரோமிர் யாகரின் மொத்தப் புள்ளியே 1921தான். அதாவது கிரெட்ஸ்கி வாழ்நாளில் ஒரு கோல்கூடப் போடாமல் இருந்திருந்தாலும் பட்டியலில் அவர்தான் முதலில் இருப்பார். இப்படிப்பட்டவரை 'அதிகம் உதவி செய்தவர்' என்று எழுதினால் நல்ல மனுஷர் என்று தோன்றுமே தவிர ஆட்டக்காரர் என்று தோன்றாது.

சரி, 'உதவி' போகட்டும். அது சோம்பலில் பிறந்தது. எனக்கு உண்மையிலேயே எரிச்சல் தருவது, யோசித்து உருவாக்கிய 'துணைக்கோல்'. இதைத் தூய தமிழ் ஆர்வத்தோடு பரப்புகிறவர்கள் இருக்கிறார்கள். தூய தமிழ் எனக்கும் பிடிக்கும், ஆனால் இந்தச் சொல்லில் பாதி தூயதும் இல்லை, மீதி தெளிவும் இல்லை. இதில் உள்ள கோல் ஆங்கிலக் கோலா, தமிழ்க் கோலா? எழுதுகோல், ஊன்றுகோல், செங்கோல் என்று பழகிய கண்ணுக்குத் துணைக்கோல் என்றால் முதலில் ஒரு குச்சிதான் தெரியும். அதிலும் ஹாக்கிக்கே வளைகோல் என்று பெயர் வைத்திருக்கிறோம். 'வளைகோல் ஆட்டத்தில் கிராஸ்பிக்கு 63 துணைக்கோல்' என்று எழுதினால், மட்டை உடைந்தால் மாற்றிக்கொள்ள 63 வைத்திருந்தார் என்றுதான் படிக்க முடியும். வேடிக்கை என்னவென்றால் ஐஸ் ஹாக்கியில் மட்டை அடிக்கடி உடையும், மாற்று மட்டைகள் ஓரத்தில் தயாராக இருக்கும். அவற்றுக்குத் துணைக்கோல் என்று பெயர் வையுங்கள், நானும் கைதட்டுகிறேன்.

இதைவிடப் பெரிய கோளாறு கூட்டலில் வருகிறது. கோலும் துணைக்கோலும் சேர்ந்தால் என்ன? இரண்டிலும் கோல் இருக்கிறதே, மொத்தமும் கோல்தான் என்று படிப்பவர் கூட்டிவிடுவார். நடப்பதும் அதுதான். 2009-10ல் பிட்ஸ்பர்க் பெங்குவின்ஸின் கிராஸ்பியும் வாஷிங்டன் கேபிடல்ஸின் ஒவெச்கினும் ஆளுக்கு 109 புள்ளியில் முடித்தார்கள். அந்தக் காணொளிக்காரர் 'இருவரும் தலா 109 கோல்' என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். என்.எச்.எல்.லில் ஒரே சீசனில் 92 கோலுக்கு மேல் யாரும் போட்டதே இல்லை, அதுவும் 1981-82ல் கிரெட்ஸ்கி போட்டது. இருவர் ஒரே வருஷத்தில் நூறைத் தாண்டியிருந்தால் உலகமே பேசியிருக்காதா?

கோலையும் தமிழாக்குகிறேன் என்று 'துணை இலக்கு' சொல்பவர்களும் உண்டு. அது ஐந்தாண்டுத் திட்ட அறிக்கையில் இருக்க வேண்டியது. 'கோலுக்குத் துணை போனார்' என்றால் வழக்கு விசாரணை நினைவுக்கு வருகிறது. 'கோல் தொடுப்பு' என்று ஒருவர் பரிந்துரைத்தார். பேச்சுத் தமிழில் தொடுப்பு என்றால் என்ன என்று அவருக்கு யாராவது தனியாகச் சொல்லியிருப்பார்கள் என்று நம்புகிறேன்.

என் சொல் 'எடுத்துக்கொடுப்பு'. நான் புதிதாகச் செய்யவில்லை, பேச்சில் கிடக்கிறது. பாடுபவர் தடுமாறினால் பக்கத்தில் இருப்பவர் அடியெடுத்துக் கொடுப்பார். புலவருக்குக் கடவுளே முதல் அடி எடுத்துக் கொடுத்த கதைகள் நம்மிடம் உண்டு. அங்கே பாட்டு பாடினவருடையதுதான், ஆனால் எடுத்துக் கொடுத்தவரை யாரும் சின்னவர் என்று நினைப்பதில்லை. அசிஸ்டின் மதிப்பும் அதேதான். இன்னொரு வசதி, வினையாகவும் ஓடும். '63 கோல்களை எடுத்துக்கொடுத்தார்' என்று இயல்பாக எழுதலாம். '63 கோல்களைத் துணைக்கோலித்தார்' என்று எழுதிப் பாருங்கள்.

நீளம் என்பார்கள். அட்டவணையில் 'எ.கொ.' என்று போட்டால் போயிற்று. கோல்கீப்பர் மேல் பட்டுத் திரும்பிய பக்கை எடுத்துக்கொடுத்ததாக எப்படிச் சொல்வது என்று கேட்டால், அந்த இடத்தில் என் சொல்லும் கொஞ்சம் நொண்டுகிறது, ஒத்துக்கொள்கிறேன். 'உதவி' அளவுக்கு நொண்டவில்லை. இதுவும் பிடிக்காதவர்கள் பேசாமல் 'அசிஸ்ட்' என்றே எழுதலாம், எல்லோருக்கும் புரிகிறது. தப்பான தமிழைவிடச் சரியான கடன்சொல் மேல்.

இந்த ஒரு சொல்லோடு போனாலும் பரவாயில்லை. கோல் போடும் வரிசையில் ஆடுகிற ஃபார்வர்டை 'முன்னணி வீரர்' என்கிறார்கள். 'இரு அணிகளின் முன்னணி வீரர்கள் ஒப்பீடு' என்றால் புகழ்பெற்றவர்களையா, முன்கள வீரர்களையா? முன்களம் என்ற நல்ல சொல் கால்பந்துச் செய்திகளில் தினமும் வருகிறது, அதை எடுக்க என்ன தயக்கம்? ஐஸ் ஹாக்கியைப் 'பனி வளைகோல் பந்தாட்டம்' என்பவர்களிடம் பந்து எங்கே என்று கேட்க வேண்டும். அங்கே உருள்வது எதுவும் இல்லை, தட்டையான ரப்பர் வில்லை ஒன்று பனிக்கட்டி மேல் சறுக்குகிறது. புள்ளியிலும் குழப்பம்தான். அணிக்கு ஒரு வெற்றிக்கு 2 புள்ளி, அது வேறு, வீரரின் புள்ளி வேறு. 'கிராஸ்பியின் 102 புள்ளிகளால் அணி முன்னேறியது' என்று எழுதுகிறவருக்கு அந்த இரண்டும் ஒன்று.

ஒப்பீட்டை எப்படி எழுதியிருக்கலாம்? 2005-06ல் இருவருக்கும் முதல் சீசன். ஒவெச்கின் 52 கோல், 54 எடுத்துக்கொடுப்பு, 106 புள்ளி. கிராஸ்பி 39 கோல், 63 எடுத்துக்கொடுப்பு, 102 புள்ளி. ஒருவர் போடுகிறவர், மற்றவர் போட வைக்கிறவர் என்பது முதல் வருஷமே தெரிகிறது. நாலு வருஷம் கழித்து, 109 வந்த அந்த சீசனில், பாருங்கள்: ஒவெச்கின் 50 கோல், 59 எடுத்துக்கொடுப்பு, கிராஸ்பி 51 கோல், 58 எடுத்துக்கொடுப்பு. போட வைக்கிறவர் ஒரு கோல் கூடுதலாகப் போட்டிருக்கிறார், போடுகிறவர் ஒன்று கூடுதலாக எடுத்துக்கொடுத்திருக்கிறார். இருவரையும் பற்றிய கதையில் எனக்கு மிகவும் பிடித்த வரி இது, '109 கோல்' என்ற ஒரே சொல்லில் அது காணாமல் போய்விட்டது.

அந்த வருஷம் அதிகப் புள்ளிக்கான ஆர்ட் ராஸ் கோப்பை இருவருக்குமே கிடைக்கவில்லை. 112 புள்ளியோடு வான்கூவர் கனக்ஸின் ஹென்ரிக் செடின் கொண்டுபோனார். அவர் போட்ட கோல் 29 மட்டும், மற்ற 83ம் எடுத்துக்கொடுத்தவை. காணொளியில் அவர் பெயரே வரவில்லை.