கொழுந்துக் கணக்கும் ‘கோ டூ’ கட்டளையும்

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலைத் தொழிற்சாலை என்று வைத்துக்கொள்வோம். சிறு விவசாயிகள் கொண்டுவரும் பச்சைக் கொழுந்தை எடைபோட வேண்டும். மழை நாளென்றால் ஈரத்துக்குக் கழிக்க வேண்டும். முன்பணம் பிடித்தது போக மீதியைத் தர வேண்டும். இதற்காக பேசிக் என்ற கணினி மொழியில் எழுதிய பழைய நிரலில் 340ஆம் வரி ‘910க்குப் போ’ என்கிறது. இப்படி வேறு வரிக்குத் தாவச் சொல்வதுதான் ‘கோ டூ’ கட்டளை. 910க்கு வேறு நான்கு இடங்களிலிருந்தும் தாவி வரலாம். அப்படியானால் அந்த வரியை எட்டும்போது ஈரக்கழிவு ஏற்கெனவே கழிந்துவிட்டதா, இல்லையா? எந்த வழியாக வந்தோம் என்று தெரியாமல் பதில் சொல்ல முடியாது. இருமுறை கழிந்தால் நஷ்டம் விவசாயிக்குத்தான்.

கணினி அறிஞர் எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1968இல் ‘கோ டூ’ கட்டளையைச் சாடியது இதற்காகத்தான்: தாளில் உள்ள வரிசையும் கணினி ஓடும் வரிசையும் ஒத்துப்போக வேண்டும். வரிசை (ஒன்றன்பின் ஒன்று), தெரிவு (நிபந்தனையைப் பொறுத்து இதுவா அதுவா), சுழற்சி (திரும்பத் திரும்ப) ஆகிய மூன்றே நிரல் எழுதப் போதும் என்பதை 1966இலேயே பேம், யாகோபினி என்ற இருவர் நிறுவியிருந்தனர். ஒவ்வொரு பகுதிக்கும் ஒரே நுழைவு, ஒரே வெளியேற்றம். ஈரக்கழிவுப் பகுதி முடிந்த இடத்தில் ‘ஒருமுறைதான் கழிந்தது’ என்று உறுதியாகச் சொல்லலாம்.

கட்டமைப்பு நிரலாக்கம் எனப்படும் இந்த முறையை ஒரு நிறுவனத்துக்குள் கொண்டுவருவது வேறு கதை. ‘இனி கோ டூ கூடாது’ என்று சுற்றறிக்கை விட்டால், தாவலுக்குப் பதிலாக, ‘இது நடந்ததா, இல்லையா’ என்று குறித்துவைக்கும் அடையாள மாறிகள் பத்தைச் செருகிவிடுவார்கள். குழப்பம் அப்படியே இருக்கும். சில இடங்களில் ‘கோ டூ’வே தெளிவானது என்று இன்னொரு கணினி அறிஞரான டொனால்ட் நூத் 1974இல் வாதிட்டார், என் கட்சியும் அதுதான்.

உண்மையில் மாற வேண்டியது பழக்கம். நியூயார்க் டைம்ஸ் நாளிதழின் தகவல் களஞ்சியத்துக்காக ஐபிஎம் குழு இந்த முறையில் ஏறக்குறைய 83,000 வரிகள் எழுதியது. அங்கே நிரல்களைப் பராமரிக்கவே ஒரு நூலகர் இருந்தார். எழுதியதெல்லாம் பொதுவில் இருந்தது. ‘என் நிரல்’ என்று மேசை இழுப்பறையில் பூட்டிவைக்க வழியில்லை. பிறர் படிப்பார்கள் என்று தெரிந்தால் எழுத்து தானாகவே ஒழுங்காகும்.

நம் தொழிற்சாலைக்காரர்கள் முழு நிரலையும் திருப்பி எழுத வேண்டாம், அதுவும் கொழுந்து குவியும் மாதங்களில். ஈரக்கழிவை மட்டும் தனிப் பகுதியாகப் பிரித்து, எழுதியவர் அல்லாத ஒருவரிடம் படிக்கக் கொடுக்கட்டும். பிறகு சென்ற மாதப் பட்டியலைப் பழையதிலும் புதியதிலும் ஓட்டிப் பார்க்கட்டும். தொகை வேறுபட்டால் புதியதுதான் தவறு என்று அவசரப்பட வேண்டாம். பழையது எத்தனை மாதமாக யார் யாருக்குக் குறைத்துக் கொடுத்திருக்கிறது என்றும் தேட வேண்டியிருக்கும்.