தெரிந்தவரிடம் பழைய கார் வாங்குகிறீர்களா? காகிதங்களை முதலில் பாருங்கள்

முன்பின் தெரியாதவரிடம் கார் வாங்கும்போது எல்லோரும் உஷாராக இருக்கிறோம். அலுவலக நண்பர், பக்கத்துத் தெருக்காரர், சித்தப்பாவின் சம்பந்தி என்றால்தான் கோட்டை விடுகிறோம். "நம்ம ஆளுதானே, பேர் அப்புறம் மாத்திக்கலாம்" என்று சாவியையும் ஆர்.சி.யையும் வாங்கிக்கொண்டு வந்துவிடுவோம். அந்த "அப்புறம்" சில சமயம் இரண்டு வருடம் ஆகிவிடும்.

பணம் முழுவதும் கொடுத்திருந்தாலும், ஆர்.டி.ஓ. பதிவில் பெயர் மாறாதவரை விபத்து இழப்பீட்டு வழக்குகளில் பழைய உரிமையாளரைத்தான் உரிமையாளராக எடுத்துக்கொள்வார்கள். 2018-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த வழக்கு ஒன்றில், 2007-லேயே காரை விற்றுவிட்டதாகச் சொன்னார் பதிவில் இருந்த உரிமையாளர். அதன் பிறகு கார் பல கை மாறியிருந்தது. விபத்து நடந்தது 2009-ல். ஆனால் ஆர்.சி. அதுவரை அவர் பெயரிலேயே இருந்ததால் இழப்பீட்டுப் பொறுப்பு அவர் தலையிலேயே விழுந்தது. அதனால் பெயர் மாற்ற அவசரப்பட வேண்டியவர் வாங்குபவரைவிட விற்பவர்தான். இதை விற்பவருக்கு எடுத்துச் சொன்னால் கையெழுத்துகள் தானாக வரும்.

சரி, பணம் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை. ஆர்.சி.யின் ஜெராக்ஸ் போதாது, அசலைக் கேளுங்கள். அதில் உள்ள சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் பானெட்டைத் திறந்து வண்டியோடு ஒப்பிடுங்கள். எம்பரிவாகன் செயலியில் வண்டி எண்ணைப் போட்டால் பதிவுத் தேதி, இன்சூரன்ஸ் காலம் போன்றவை தெரியும். இ-சலான் தளத்தில் அபராதப் பாக்கியையும் பாருங்கள். பாக்கி இருந்தால் பெயர் மாற்றம் அங்கேயே முட்டிக்கொண்டு நிற்கலாம்.

ஆர்.சி.யில் இருக்கும் பெயரும் உங்களிடம் பேசும் ஆளின் பெயரும் ஒன்றுதானா? "அப்பா பெயர்ல இருக்கு, அவர் இறந்துட்டார்" என்றால் வாரிசு முதலில் படிவம் 31 கொடுத்துத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளட்டும். அதன் பிறகுதான் உங்களுக்கு விற்க முடியும். இறந்தவரின் பழைய கையெழுத்துப் போட்ட படிவத்தை நீட்டினால் அந்த வண்டியே வேண்டாம்.

அடுத்தது கடன். தவணை முழுவதும் கட்டியாகிவிட்டது என்று விற்பவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் ஆர்.சி.யில் வங்கியின் பெயர் நீக்கப்படாமல் கிடக்கும். அந்தப் பெயரை நீக்குவதைத்தான் பேச்சுவழக்கில் எச்.பி. கேன்சல் என்பார்கள். வங்கி கொடுக்கும் தடையில்லாச் சான்றிதழும், வங்கி முத்திரையும் கையெழுத்தும் உள்ள படிவம் 35-உம் வேண்டும். அந்தச் சான்றிதழைக் காலம் கடந்து கொண்டுபோனால் புதிதாக வாங்கி வரச் சொல்வார்கள். ஆகவே தேதியைப் பாருங்கள்.

காரின் வயதும் முக்கியம். சொந்த உபயோக காருக்குப் பதிவு 15 வருடம். அதற்குப் பிறகு ஐந்து ஐந்து வருடமாகப் புதுப்பிக்க வேண்டும். இதற்கான கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆனது. 20 வருடம் தாண்டிய காருக்கு 2025 ஆகஸ்டில் 10,000 ஆக்கிவிட்டார்கள். பதினான்கு வருடக் காரை மலிவு என்று வாங்குபவர்கள் இதையும் விலையோடு கூட்டிக்கொள்ளட்டும்.

பெயர் மாற்றத்துக்கான முக்கியப் படிவங்கள் இரண்டு. படிவம் 29 என்பது விற்றுவிட்டதாக விற்பவர் கொடுக்கும் அறிவிப்பு. படிவம் 30 பெயர் மாற்ற விண்ணப்பம். அதில் இருவரின் கையெழுத்தும் வேண்டும். இவற்றோடு அசல் ஆர்.சி., நடப்பு இன்சூரன்ஸ், புகைச் சான்றிதழ், வாங்குபவரின் முகவரிச் சான்று, பான் எண், புகைப்படம். சேசிஸ் எண்ணைப் பென்சிலால் தேய்த்து எடுத்த பிரதியும் கேட்பார்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 50-வது பிரிவுப்படி, ஒரே மாநிலத்துக்குள் என்றால் விற்பவர் 14 நாளுக்குள்ளும் வாங்குபவர் 30 நாளுக்குள்ளும் தெரிவிக்க வேண்டும். விண்ணப்பத்தைப் பரிவாகன் தளத்தில் பூர்த்தி செய்து கட்டணமும் அங்கேயே கட்டலாம்.

புரோக்கர் நடுவில் இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். வாங்குபவர் பெயரும் தேதியும் இல்லாத 29, 30 படிவங்களில் விற்பவரின் கையெழுத்தை வாங்கி வைத்துக்கொள்வது பழைய வழக்கம். அந்தப் படிவத்தோடு வண்டி நாலு கை மாறும், விற்றவருக்கு யாரிடம் இருக்கிறது என்றே தெரியாது. இதற்காகத்தான் 2023 ஏப்ரல் முதல், பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்.டி.ஓ.விடம் அங்கீகாரம் பெற வேண்டும் என்று விதி வந்தது.

வண்டியை எடுக்கும்போது ஒரு டெலிவரி நோட் எழுதிக்கொள்ளுங்கள். நாள் மட்டும் போதாது, மணியும் வேண்டும். காலை பத்து மணிக்கு விற்பவர் சிக்னல் தாண்டியதற்கு, மாலை நாலு மணிக்கு வாங்கியவர் ஏன் அபராதம் கட்ட வேண்டும்? இந்த நோட் பெயர் மாற்றத்துக்கு ஈடாகாது, உங்கள் இருவருக்குள் சண்டை வராமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். பணத்தை வங்கி வழியாகவே கொடுங்கள். ஒரே விற்பனைக்கு இரண்டு லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. மாட்டுவது விற்பவர்தான்.

இன்சூரன்ஸில் பலர் ஏமாறுவது இப்படி: மூன்றாம் நபருக்கான, அதாவது காரால் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கான காப்பீடு காரோடு சேர்ந்து தானாகவே உங்களுக்கு வந்துவிடும். ஆனால் உங்கள் காருக்கு அடிபட்டால் கிடைக்கும் பணம் அப்படி வராது. அதற்கு 14 நாளுக்குள் நிறுவனத்துக்கு எழுதி பாலிசியைப் பெயர் மாற்ற வேண்டும். இழப்பீடு கேட்காத வருடங்களுக்காக பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான நோ கிளெய்ம் போனஸ் விற்றவருடைய சொத்து, அவர் தன் அடுத்த காருக்குக் கொண்டுபோவார். அந்தத் தள்ளுபடிக்கான வித்தியாசத்தை நீங்கள் கட்ட வேண்டியிருக்கும்.

புதுச்சேரிப் பதிவுக் கார் விலை குறைவாகக் கிடைக்கிறது என்று தமிழ்நாட்டில் வாங்குபவர்கள் நிறையப் பேர். அங்குள்ள ஆர்.டி.ஓ.விடம் படிவம் 28-ல் தடையில்லாச் சான்றிதழ் வாங்கி வர வேண்டும். வேறு மாநில வண்டியைப் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் இங்கத்திய பதிவு எண் பெற்றாக வேண்டும். அப்போது தமிழ்நாட்டு வாழ்நாள் வரியும் கட்டணும். அந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் பல சமயம் மலிவு காணாமல் போகும்.

கண்ணாடியில் ஒட்டியிருக்கும் ஃபாஸ்டேக்கை மறந்துவிடாதீர்கள். அது விற்பவரின் கணக்கு. அவர் அதை மூடட்டும், நீங்கள் புதிதாக வாங்கி ஒட்டுங்கள். இல்லாவிட்டால் நீங்கள் திருப்பதி போய் வரும்போது ஒவ்வொரு சுங்கச்சாவடியிலும் அவர் போனுக்குக் குறுஞ்செய்தி போகும், காசும் போகும்.