குடியை விட்ட கதையைக் குழுவில் சொல்லும்போது

2020 ஊரடங்கில் நேரடிக் கூட்டங்கள் நின்றுபோனபோது, குடியை விட நினைப்பவர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் கூட்டங்கள் பலவும் ஜூமுக்கு வந்தன. கூடவே வாட்ஸப் குழுக்களும் பெருகின. பக்கத்தில் கூட்டமே நடக்காத ஊர்க்காரருக்கும், உள்ளே நுழைவதை யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயப்படும் பெண்ணுக்கும் இது பெரிய உதவி. சிகிச்சை முடிந்து வீட்டுக்குப் போகிறவர்களிடம், ஆலோசகராகிய நானே குழுவில் சேரச் சொல்கிறேன்.

குடித்து அவதிப்பட்டவர் சொன்னால் இன்னொரு குடிநோயாளி காது கொடுப்பார். நாங்கள் மணிக்கணக்கில் பேசினாலும் இறங்காதது, அவர் பத்து நிமிடம் பேசினால் இறங்கிவிடும். 1935-இல் அமெரிக்காவின் ஆக்ரன் நகரில் ஒரு பங்குத் தரகரும் ஓர் அறுவை மருத்துவரும் தங்கள் குடியைப் பற்றி மனம்விட்டுப் பேசியதில்தான் இந்த இயக்கமே பிறந்தது.

ஆனால் 'எனக்கு இப்படி நடந்தது' என்பது 'நீங்களும் இப்படிச் செய்யுங்கள்' என்று மாறும் இடத்தில்தான் எனக்குப் பயம் வருகிறது.

'நான் ஒரே நாள்ல நிறுத்தினேன், ஒண்ணும் ஆகல' என்று ஒருவர் எழுதுகிறார். அது அவருக்கு உண்மைதான். பல வருடமாகக் காலையிலேயே குடிக்கத் தொடங்கும் இன்னொருவர் அதை நம்பி வீட்டிலேயே சட்டென்று நிறுத்தினால், முதல் இரண்டு நாளுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாளுக்குள் குழப்பம், காய்ச்சல், இல்லாதது கண்ணுக்குத் தெரிவது என்று போய் உயிருக்கே ஆபத்தாகலாம். 'கை நடுங்குது, சுவத்துல பூச்சி ஊருது' என்று ராத்திரியில் ஒருவர் எழுத, கீழே வரிசையாகக் கும்பிடும் கை படங்களும் 'தைரியமா இருங்க பிரதர்' என்ற பதில்களும் வருகின்றன. அந்த நேரத்தில் 108-ஐக் கூப்பிட வேண்டும். ஆறுதல் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

குடும்பத்தினர் குழுக்களில் இன்னொன்று. 'டைசல்ஃபிராம் மாத்திரையைப் பொடி பண்ணிச் சாம்பார்ல கலந்துடுங்க, அவருக்குத் தெரியவே தெரியாது.' தயவுசெய்து செய்யாதீர்கள். குடியை விட உதவியாகத் தரப்படும் அந்த மாத்திரை உள்ளே இருக்கும்போது குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, ரத்த அழுத்தம் இறங்கி ஆள் சரிந்துவிடலாம், இறந்தும் போகலாம். மாத்திரையை நிறுத்திய பிறகும் இரண்டு வாரம் வரை அதன் வேலை இருக்கும். ஈரல் பரிசோதனை செய்து, அவரிடமே விளக்கி, அவர் சம்மதித்த பிறகுதான் மருத்துவர் தர வேண்டிய மருந்து அது. கணவரின் குடியால் நொந்துபோன பெண் இதைச் செய்யத் துணிவது எனக்குப் புரிகிறது. அதனால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

உங்கள் கதையைச் சொல்ல வேலை பார்க்கும் இடமும் தெருப் பெயரும் தேவையில்லை. வாட்ஸப் குழுவில் எல்லோருக்கும் உங்கள் எண் தெரியும். முகப்புப் படத்தில் பிள்ளைகள் இருந்தால் மாற்றிவிடுங்கள். மனைவி அடி வாங்கியது, மகள் படிப்பு நின்றது எல்லாம் அவர்களுடைய கதையும்கூட. அவர்களைக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள். என்ன பிராண்ட், என்ன சைடு டிஷ், முதல் ரவுண்டு எப்படி இறங்கியது என்ற வர்ணனையும் வேண்டாம். நிறுத்திச் சில நாளே ஆனவருக்கு அதைப் படித்தாலே ஆசை கிளம்பிவிடும்.

மறுபடி குடித்துவிட்டால் மட்டும் மறைக்காதீர்கள். 'ஆறு மாசம் சோபர்' என்று வாழ்த்து வாங்கியவர், அடுத்த வாரம் வெட்கப்பட்டுச் சத்தமில்லாமல் குழுவை விட்டு விலகுவதை நிறைய பார்க்கிறேன். அவருக்குக் குழு தேவைப்படும் நேரமே அதுதான்.

'நேத்து குடிச்சிட்டேன்' என்று ஒருவர் எழுதினால் அறிவுரை வேண்டாம். 'இப்ப எங்க இருக்கீங்க? சாப்பிட்டீங்களா? கூட யார் இருக்காங்க?' என்று கேளுங்கள். முடிந்தால் அழைத்தே பேசுங்கள். 'வாழவே பிடிக்கல' என்கிற மாதிரி பேச்சு வந்தால் அவரைத் தனியாக விடாமல், வீட்டில் ஒருவருக்குத் தகவல் சொல்லி, அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குப் பேச வையுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். போதை சிகிச்சை எங்கே கிடைக்கும் என்று கேட்க 14446 இருக்கிறது. இந்த இரண்டு எண்களையும் 108-ஐயும் குழுவின் முகப்பிலேயே எழுதி வைக்கும்படி அட்மினிடம் சொல்லுங்கள்.