ஊராட்சித் தலைவருக்கு 205 நோட்டீஸ் வந்தால்

கலெக்டர் ஆபீஸ் உறையைக் கொண்டுவருபவர், "கையெழுத்து மட்டும் போடுங்கம்மா, மத்ததை அப்புறம் பாத்துக்கலாம்" என்பார். எனக்குத் தெரிந்த ஒரு பெண் தலைவர் அப்படித்தான் போட்டுக் கொடுத்தார், தேதி எழுதாமல். அலுவலகப் பிரதியில் பிறகு யாரோ எழுதிய தேதி, நோட்டீஸ் கைக்கு வந்த நாளுக்கு ஒன்பது நாள் முந்தையது. பதில் சொல்லக் கொடுத்திருந்ததே பதினைந்து நாள்தான். அதனால் கையெழுத்துக்குக் கீழே தேதி, நேரம் இரண்டையும் நீங்களே எழுதுங்கள். உறையையும் தூக்கிப் போடாதீர்கள்.

தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1994-இன் 205-ஆம் பிரிவுதான் கிராம ஊராட்சித் தலைவரைப் பதவி நீக்கும் வழி. அதன் முதல் படிதான் கலெக்டர் விளக்கம் கேட்டு அனுப்பும் இந்த நோட்டீஸ். வேண்டுமென்றே சட்டத்தையோ சட்டப்படியான உத்தரவையோ மீறினார், அல்லது அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்பது குற்றச்சாட்டாக இருக்க வேண்டும். "எங்களை மதிப்பதில்லை", "கலந்து பேசுவதில்லை" என்பதெல்லாம் தனியாக நிற்காது.

வார்டு உறுப்பினர்கள் பலர் இதை நம்பிக்கையில்லாத் தீர்மானம் என்றே நினைக்கிறார்கள். ஒன்றியக் குழுத் தலைவர் போன்றவர்களுக்குத்தான் அது. கிராம ஊராட்சித் தலைவரை ஊர் மக்கள் நேரடியாக ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுத்தார்கள். ஆறேழு உறுப்பினர்கள் கூடிக் கைதூக்கி அவரை இறக்கிவிட முடியாது.

குடியரசுத் தலைவரையே நீக்குவதென்றாலும் அரசமைப்பின் 61-ஆம் பிரிவுப்படி ஒரு அவையில் நான்கில் ஒரு பங்கு உறுப்பினர்கள் கையெழுத்திட்டு, 14 நாள் முன்னறிவிப்பு கொடுத்து, மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால்தான் குற்றச்சாட்டே எழும். இன்னொரு அவை விசாரிக்கும்போது அவர் வந்து பேசலாம், தனக்காக ஆளும் அனுப்பலாம். முடிவு அந்த அவையின் ஓட்டில் இருக்கிறது. ஊராட்சித் தலைவருக்கு இது எதுவும் இல்லை. உறுப்பினர்களின் கருத்தைக் கேட்கத் தாசில்தார் தலைமையில் கூட்டம் நடக்கும், ஆனால் அதில் விவாதம் கூடாது என்று சட்டமே சொல்கிறது. உறுப்பினர்கள் சொல்வது கருத்து மட்டும்தான். அதைப் பரிசீலித்துவிட்டு நீக்குவதா விடுவதா என்று தீர்மானிப்பவர் கலெக்டர்.

ஆக, கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்று காத்திருந்தால் ஏமாந்துவிடுவீர்கள். நீங்கள் பேசும் இடம் நோட்டீஸுக்கு எழுதிக் கொடுக்கும் விளக்கம் ஒன்றுதான். கூட்டத்தில் வாசிக்கப்படுவதும் அதுதான், பிறகு உயர் நீதிமன்றத்துக்குப் போனால் நீதிபதி புரட்டிப் பார்ப்பதும் அதுதான்.

விளக்கம் எழுத உட்காரும்போதுதான் அலைச்சல் தொடங்கும். தீர்மானப் புத்தகம், ரொக்கப் புத்தகம், வவுச்சர் எல்லாம் ஊராட்சிச் செயலரிடம் இருக்கும். கேட்டால் "ஆடிட்டுக்கு பி.டி.ஓ. ஆபீஸ் போயிருக்கு" என்பார். அந்த வட்டார வளர்ச்சி அலுவலகத்துக்குப் போனால் "ஏ.டி. பஞ்சாயத்து ஆபீஸில் கேளுங்கள்." அந்த உதவி இயக்குநர் அலுவலகத்தில் "மனு எழுதிக் கொடுத்துட்டுப் போங்க." தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாள் ஆகும், அதற்குள் உங்கள் கெடு முடிந்திருக்கும். நோட்டீஸ் வந்த மறுநாளே கலெக்டருக்கு ஒரு கடிதம் கொடுங்கள்: இன்னின்ன ஆவணங்களின் சான்றிட்ட நகல் வேண்டும், அவை கிடைத்தபின் இத்தனை நாள் அவகாசம் வேண்டும். தபால் பிரிவில் முத்திரை வைத்த பிரதி இல்லாமல் திரும்ப வேண்டாம். முத்திரை போட மறுத்தால் அன்றே ஒப்புகை கிடைக்கும்படி ஸ்பீட் போஸ்டில் அனுப்புங்கள்.

நகல் வராவிட்டாலும் கெடு நாளுக்குள் இடைக்கால விளக்கம் ஒன்றாவது கொடுத்தே ஆக வேண்டும். கெடுவுக்குள் விளக்கம் வரவில்லை என்றால் பதவி நீக்க முன்மொழிவு நேரே தாசில்தாருக்குப் போய்விடும். ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் அதே வரிசை எண்ணில் பதில் எழுதுங்கள். மோட்டார் பழுதுக்குப் பணம் எடுத்தது குற்றம் என்றால், எந்தத் தேதி, எந்தத் தீர்மானம், எந்தக் காசோலை என்று எழுதுங்கள். காசோலையில் துணைத் தலைவரின் கையெழுத்தும் இருந்திருக்கும். புகாரில் முதல் கையெழுத்து அவருடையதாகவே இருக்கும்போது அதைச் சுட்டிக்காட்டத் தயங்கக் கூடாது.

இதை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், தலைவர் நீக்கப்பட்டால் பொறுப்பு துணைத் தலைவர் கைக்குப் போகும். ஒதுக்கீட்டில் பட்டியல் சாதியினரோ பெண்களோ தலைவராக வந்த ஊர்களில், துணைத் தலைவர் பதவி பெரும்பாலும் ஊரில் செல்வாக்குள்ளவர்களிடம் இருக்கிறது. 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் தலைவரையே தரையில் உட்கார வைத்த படத்தை நாம் எல்லோரும் பார்த்தோம். சொன்ன இடத்தில் கையெழுத்துப் போட மறுக்கும் தலைவர்மேல் 205 எவ்வளவு சுலபமாகப் பாய்கிறது என்பதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

புகார் கொடுக்கும் உறுப்பினர்களுக்கும் ஒரு வார்த்தை. நிர்ணயிக்கப்பட்ட மொத்த எண்ணிக்கையில் மூன்றில் இரண்டு பங்கினர் கையெழுத்திட வேண்டும். காலியிடமும் கணக்கில் சேரும். உறுப்பினர் இருவர் நேரில் போய்க் கலெக்டரிடம் கொடுக்க வேண்டும், தபால் செல்லாது. ஆனால் ஒன்று, யாரும் புகார் கொடுக்காமலே கலெக்டர் தாமாகவும் நடவடிக்கை எடுக்கலாம். எனவே "கையெழுத்தை வாபஸ் வாங்கிட்டாங்க, இனி பயமில்லை" என்று எந்தத் தலைவரும் சும்மா இருந்துவிடக் கூடாது.

கூட்ட அறிவிப்பு குறைந்தது 7 நாள் முன்பே கைக்கு வர வேண்டும். கூட்டம் ஊராட்சி அலுவலகத்தில் நடக்க வேண்டும். தாசில்தார்தான் தலைமை தாங்க வேண்டும். வேறு யார் வந்து உட்கார்ந்தாலும் அங்கேயே எழுத்தில் ஆட்சேபம் கொடுங்கள். குற்றச்சாட்டு சரியா தவறா என்று தாசில்தார் பேசக் கூடாது, அவருக்கு ஓட்டும் இல்லை. உறுப்பினர்கள் வெற்று நடவடிக்கைக் குறிப்பில் முன்கூட்டியே கையெழுத்துப் போட்டுவிட வேண்டாம். "எல்லாம் ஃபார்மாலிட்டிதான்" என்பார்கள். நீங்கள் சொன்னது அதில் உள்ளபடி எழுதியிருக்கிறதா என்று படித்துப் பார்த்துவிட்டுப் போடுங்கள்.

நீக்க ஆணை வந்துவிட்டால், விளக்கத்தையும் உறுப்பினர் கருத்தையும் ஏன் ஏற்கவில்லை என்று அதில் காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். காரணம் சொல்லாத ஆணைகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது. அரசுக்கும் ரத்து செய்யும் அதிகாரம் உண்டு. ஊரக வளர்ச்சித் துறைச் செயலாளருக்கு மனு எழுதும்போது ரத்து செய்யச் சொல்வதோடு நிறுத்தாதீர்கள். முடிவு வரும்வரை ஆணை அமலாகும் தேதியைத் தள்ளிவைக்கும்படியும் அதே மனுவில் கேளுங்கள், அந்த அதிகாரமும் அரசுக்கு இருக்கிறது. அதைக் கேட்காமல் விட்டால், கோப்பு மேசை மேசையாக நகர்ந்து வருவதற்குள் ஐந்தாண்டுப் பதவிக்காலமே முடிந்துபோகும்.